சித்திரகுப்தன் கணக்கும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

நம் நாட்டு ஜனங்கள் பயப்படுகின்ற கணக்குகள் இரண்டுதான். ஒன்று, கடன் கொடுத்தவன் எழுதி வைத்திருக்கும் கணக்கு. மற்றொன்று, எமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒருவன் உட்கார்ந்துகொண்டு எழுதி வருவதாகச் சொல்லப்படும் பாவ புண்ணியக் கணக்கு. முதல் கணக்குக்குப் பயப்படுவதிலாவது கொஞ்சம் அர்த்தமிருக்கின்றது. அந்த நோட்டை நாம் கண்ணால் பார்க்கலாம். கூட்டல் தப்பென்றால் சண்டை போடலாம். இரண்டாவது கணக்கை இதுவரை எவனும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லுகிறவன் தட்சணை வாங்காமல் போனதுமில்லை. இருந்தும், வியாதி வந்தால் நம் ஜனங்கள் முதலில் திரும்புவது அந்தக் காணாத கணக்கின் பக்கந்தான். "போன ஜன்மத்துப் பாவம்", "தலையெழுத்து", "தெய்வ குற்றம்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகின்றது.

மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கின்றது. அது எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்களுக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகளில் எழுதப்படும் நோயாளிப் பதிவேடு. யார் வந்தார், என்று மருந்து ஆரம்பித்தார், தவறாமல் வாங்கினாரா, ரத்தத்தில் கிருமி குறைந்ததா, இடையில் நின்றுவிட்டாரா, உயிரோடிருக்கின்றாரா என்று தேசம் முழுவதற்கும் ஒரே முறையில் எழுதப்படும் கணக்கு இது. இந்தக் கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதியதைப் படிக்க வேண்டும். படித்து அறிந்ததைப் பொதுஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரை மட்டும் உயிரைப்போல் மறைத்துக் காக்க வேண்டும். இவ்வளவுதான் இவ்வியாசத்தில் நாம் சொல்ல வந்தது.

"சுயமரியாதைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி நோட்டைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். மனிதன் அவமானப்படுகின்ற இடமெல்லாம் நமக்குக் கவலையுண்டு என்பதே நமது பதில். இந்த ஒரு வியாதியில் மனிதன் படுகின்ற அவமானம் வேறு எந்த வியாதியிலும் இல்லை. காமாலை வந்தவனுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கின்ற ஊர், இந்தக் கிருமி தொற்றியவனுக்குத் தண்ணீர்க் குவளையைத் தனியே வைக்கின்றது. அதிலும் பெண்களுடைய கதி சொல்லத் தரமன்று. புருஷன் எங்கோ வாங்கி வந்த கிருமி மனைவிக்குத் தொற்றுகின்றது. புருஷன் செத்தவுடன், "இவள் வந்த ராசி, இவள் நடத்தை" என்று அவளையே வீட்டை விட்டுத் துரத்துகின்றார்கள். கற்பு என்னும் சட்டத்தைப் பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்த சமூகத்தில் இதைத் தவிர வேறு என்ன நியாயம் கிடைக்கும்?

கண்டுபிடித்தது யார்?

இந்த வியாதி அந்நிய நாட்டான் வியாதி. நம்முடையது புண்ணிய பூமியாதலால் இங்கே வராது என்று ஒரு காலத்தில் பலர் நம்பியிருந்தார்கள். 1986ஆம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதல் வெளிப்பட்டது இப்படித்தான். புண்ணிய பூமியின் யோக்கியதையை ஒரு ஜோசியனும் சொல்லவில்லை. ஒரு சாமியாடியும் சொல்லவில்லை. இரண்டு பெண்கள் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்.

அதன் பிறகு அறிவு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஆரம்பித்த இடங்களில் நமது தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. 2011இல் ஒன்பது நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. சென்னையும் புனாவும் அதில் சேர்ந்திருந்தன. சீக்கிரமே மருந்து ஆரம்பித்தவரிடமிருந்து அவருடைய துணைவருக்குக் கிருமி தொற்றுவது 100க்கு 96 பங்கு குறைந்துபோகின்றது என்பதே அந்த முடிவு. ஆகவே, மருந்து சாப்பிடுகின்றவர் தம்முடைய உயிரை மட்டும் காப்பாற்றிக் கொள்ளவில்லை, மற்றவர்களையும் காப்பாற்றுகின்றார். 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்தவர் அனைவருக்கும் உடனே மருந்து என்று நம் நாட்டிலும் விதி வந்தது.

மருந்து இருக்கின்றது, அதுவும் இலவசம். அப்படியானால் இன்னும் என்ன குறை என்று கேட்பீர்கள். இந்த மருந்து காய்ச்சல் மருந்தைப்போல் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு விடுகின்ற மருந்தல்ல. ஆயுள் முழுதும் தினமும் சாப்பிட வேண்டும். விட்டால் கிருமி மீண்டும் தலையெடுக்கும். அடிக்கடி விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே அடங்காததாகவும் ஆகிவிடும். திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்தில் நாளுக்கொரு படி என்று பெருமையாகச் சொல்லுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியெடுத்து ஒரே நாளில் அத்தனை படியும் ஏறி இறங்கினவனுக்கு முழங்கால் வலி வருமே தவிர, ரத்தத்திலுள்ள ஒரு கிருமிகூடச் சாகாது. 365 நாளும் ஒரு மாத்திரை என்று விழுங்குகின்றவனுக்குக் கிருமி அடங்குகின்றது. வேண்டுதலுக்கும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பதிவேடு என்ன செய்யும்?

நமது அம்மையார்குப்பம் தோழர்களுக்குத் தறியைக் கொண்டு சொன்னால் விளங்கும். நூலுக்குச் சாயம் ஏற்றுவது முதல் பாவு ஓட்டித் தறியில் பூட்டிப் புடவையாய் இறக்குகின்ற வரையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. புடவை குறைந்து வந்தால், "விதி" என்று எந்த நெசவாளியும் சொல்லுவதில்லை. இழை எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கின்றான். தறியை நிறுத்திப் பிணைக்கின்றான்.

நோயாளிப் பதிவேட்டின் வேலையும் அதுதான். நம்பிக்கை மையத்தில் ரத்தம் சோதித்து, கிருமி இருப்பதாகக் கண்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் மருந்து கொடுக்கும் மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? மருந்து ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர்? ஒரு வருஷம் கழித்தும் மருந்தோடு இருப்பவர்கள் எத்தனை பேர்? ஆறாவது மாதத்திலும், பன்னிரண்டாவது மாதத்திலும், பிறகு வருஷத்துக்கொரு முறையும் ரத்தத்திலுள்ள கிருமியின் அளவைப் பார்க்க வேண்டுமென்பது விதி. அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? கிருமி அடங்கியவர்கள் எத்தனை பேர்? இந்த எண்களை வரிசையாய் வைத்துப் பார்த்தால் இழை எங்கே அறுகின்றது என்பது குழந்தைக்கும் தெரியும். கண்டுபிடித்த 100 பேரில் 70 பேர்தான் மையத்துக்கு வந்தார்கள் என்று ஓரிடத்தில் தெரிந்தால், அங்கே மீதி 30 பேரிடமும் போய்க் காரணம் கேட்க வேண்டும். பஸ் கூலியா? ஒருநாள் போனால் தறிக்கூலி போய்விடும் என்பதா? தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமா? மையத்தில் யாராவது கடுஞ்சொல் சொன்னார்களா? கொரோனா வந்த 2020இல் பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார்கள். தொலைவும் கூலியும்தான் தடையென்று கணக்கில் தெரிந்தால், அம்மாதிரி ஏற்பாட்டுக்குக் கொரோனா வரவேண்டுமென்பதில்லை.

இதில் ஒரு முக்கியமான சங்கதியைக் கவனிக்க வேண்டும். சித்திரகுப்தன் கணக்கில் குற்றவாளி நோயாளி. ஆஸ்பத்திரிக் கணக்கைச் சரியாகப் படித்தால் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி. ஒருவர் மருந்தை விட்டால், அது அவர் சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஒரே மையத்தில் நூறு பேர் விட்டால், அது அந்த மையத்தின் கோளாறு. ஒருவரை மட்டும் பார்க்கின்ற கண்ணுக்கு இது தெரியாது. எண்ணுகின்ற கண்ணுக்குத்தான் தெரியும்.

இது புது சங்கதியுமல்ல. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1846இல் டாக்டர்கள் பார்த்த முதல் பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேர் ஜன்னி கண்டு செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவது பிரிவில் 3 பேருக்கும் குறைவு. கெட்ட காற்று என்றும் விதி என்றும் சொன்னார்கள். செம்மெல்வைஸ் என்ற டாக்டர் பதிவேட்டைப் பார்த்து, ஒரே ஊரில் ஒரே காற்றில் விதி மட்டும் எப்படி இரண்டு விதமாய் இருக்கும் என்று யோசித்தார். சாகிறவர்களுக்கு மந்திரம் சொல்லப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதல் பிரிவு வழியே போகிறாரே, அந்தப் பயத்தினால் சாகின்றார்களோ என்றுகூடச் சந்தேகித்து, மணியில்லாமல் வேறு வழியில் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. கடைசியில் பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்களே பிரசவம் பார்க்கின்றார்கள் என்பதைக் கண்டு, 1847இல் மருந்து நீரில் கை கழுவச் செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. அந்த உண்மையை ஏற்க டாக்டர்களுக்குத்தான் மனம் வரவில்லை. காரணம், கணக்கு அவர்கள் கையைக் காட்டிற்று.

ஸ்வீடன் தேசத்திலும் சாத்தூரிலும்

இன்றைக்கு எச்.ஐ.வி. விஷயத்தில் இந்தக் கணக்கை நன்றாகப் பயன்படுத்திய தேசம் ஸ்வீடன். அங்கே "இன்ஃப்கேர் எச்.ஐ.வி." என்ற பெயரில் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கின்றது. வைத்தியத்திலுள்ள ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் அதில் அடக்கம். டாக்டரும் நோயாளியும் பக்கத்தில் உட்கார்ந்து, கிருமி ஏறியதையும் இறங்கியதையும் கோடாகத் திரையில் பார்த்துப் பேசுகின்றார்கள். உடம்பு எப்படி, மனம் எப்படி, மருந்தால் தொந்தரவுண்டா என்று நோயாளியே விடையெழுதவும் அதில் இடமுண்டு. கண்டறியப்பட்டோர், மருந்திலிருப்போர், கிருமி அடங்கியோர் என்ற மூன்றிலும் 100க்கு 90 என்று உலக ஸ்தாபனங்கள் 2020க்கு வைத்த குறியை முதன்முதல் எட்டிய நாடு ஸ்வீடன் என்று 2016இல் அத்தேச டாக்டர்கள் எழுதினார்கள். குறி எட்டியதா இல்லையா என்று அவர்களால் சொல்ல முடிந்ததே பதிவேடு இருந்ததனால்தான். அது சிறிய தேசம், பணக்கார தேசம். நம் நாட்டில் இக்கிருமியோடு வாழ்கின்றவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதனால்தான் கணக்கு நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும் என்கின்றோம்.

எழுதி மட்டும் வைத்துவிட்டுப் படிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உதாரணம் தேட வெளிநாடு போகவேண்டாம். 2018 டிசம்பரில் விருதுநகர் ஜில்லா சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞர் 2016லேயே ஒரு தடவை ரத்தம் கொடுத்திருந்தார். அதில் கிருமி இருப்பது அப்போதே சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால், அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷங் கழித்து அவர் நல்லெண்ணத்தோடு மறுபடியும் ரத்தம் கொடுத்தார். அது நல்ல ரத்தமென்று பெயர் பெற்றுக் கர்ப்பிணியின் உடம்பில் ஏறிற்று. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்துகொண்டபோது தமக்குக் கிருமி இருப்பதை அறிந்த இளைஞர், தாமாகவே ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பிறகு மனமுடைந்து விஷம் குடித்து, அந்த மாதமே இறந்துபோனார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தை, டாக்டர்கள் எடுத்துக்கொண்ட சிகிச்சையால் கிருமியில்லாமல் தப்பிற்று.

இதில் எந்தத் தெய்வம் குற்றம் செய்தது? எந்த ஜன்மத்துப் பாவம் இது? 2016இல் எழுதின ஒரு வரியை 2018க்குள் ஒருவர் படித்து நடவடிக்கை எடுத்திருந்தால் ஒரு பெண்ணுக்கு இக்கதி நேர்ந்திராது. ஓர் இளைஞர் உயிரோடிருந்து மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போயிருப்பார். உள்ளதைச் சொன்ன யோக்கியன் செத்தான்; படிக்கப்படாத நோட்டு அலமாரியில் இருந்தது.

பயப்படுகின்றவர்கள் சொல்வதும் நியாயமே

"பெயரை எழுதிக்கொண்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா?" என்று நோயாளிகள் பயப்படுகின்றார்கள். இந்தப் பயத்தை நாம் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டோம். 2019 ஜனவரியில், சிங்கப்பூர் சர்க்காரின் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேருடைய பெயரும் விலாசமும் டெலிபோன் நம்பரும் வெளியாகிவிட்டன என்று அந்தச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் பெற்றிருந்த ஒருவர் வழியாகவே அது வெளியே போயிற்று என்று அந்நாட்டுச் சுகாதார இலாகா கருதியது. இரும்புப் பெட்டி பலமாக இருந்து என்ன, சாவிக்காரன் சரியில்லையென்றால்?

நம் நாட்டில் இதற்கு 2017இல் ஒரு சட்டம் செய்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கின்றார்கள். சம்மதமில்லாமல் சோதனை கூடாது. ஒருவருக்குக் கிருமி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வேலையிலும் படிப்பிலும் வாடகை வீட்டிலும் வித்தியாசம் காட்டக் கூடாது. பதிவேடு வைத்திருப்போர் அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்பதெல்லாம் அச்சட்டத்தில் இருக்கின்றன. ஆனால், சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. தீண்டாமைக்கும் சட்டத்தில் இடமில்லைதான், ஊரில் இல்லையா? ஒருவர் சங்கதியை வெளியிட்டவன் யாராயிருந்தாலும் பதில் சொல்லும்படி செய்தால்தான் நோயாளி தைரியமாய்ப் பெயர் கொடுப்பான். பெயர் கொடுக்காதவன் கணக்கில் வரமாட்டான். கணக்கில் வராதவன் செத்தாலும் எவருக்கும் தெரியாது.

நமக்கு வேண்டியவை

இப்பொழுது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதற்கும் கணினியில் ஒரு பதிவு முறை வைத்திருக்கின்றது. அதற்குச் "சோச்" என்று பெயர். இங்கிலீஷ் எழுத்துக்களைக் கோத்து இந்திச் சொல்லாக வரும்படி வைத்திருக்கின்றார்கள். இந்தியில் அதற்கு "யோசி" என்று அர்த்தமாம். தமிழனுக்கு வைத்தியம் செய்யவும் இந்திப் பெயர்தானா என்ற வழக்கு ஒருபுறமிருக்கட்டும். யோசிப்பது நமக்குப் பிடித்த வேலையாதலால், யோசித்து நான்கு காரியங்களைக் கேட்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு மையத்திலும் எத்தனை பேர் மருந்திலிருக்கின்றார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள், எத்தனை பேருக்குக் கிருமி அடங்கிற்று என்ற எண்களை, பெயரில்லாமல், தமிழில், அந்த மையத்தின் சுவரிலேயே எழுதி வைக்கவேண்டும். எண்ணிக்கை சிறிதாயிருந்து ஆளை அடையாளம் காட்டுமானால், ஜில்லாவுக்குச் சேர்த்து எழுதட்டும்.

இரண்டாவது, பதிவேட்டில் நோயாளியின் வாக்குக்கும் ஒரு பத்தி வேண்டும். 2022 ஜூலையில் புது டில்லியில் மேற்படி அமைப்பின் ஆபீசுக்கு முன்னால் நோயாளிகள் மருந்துத் தட்டுப்பாடென்று நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். சர்க்காரோ, தேசத்தில் போதிய மருந்து இருக்கின்றது என்றது. கிடங்கில் இருப்பது ஒரு கணக்கு. நோயாளி கையில் கிடைத்தது மற்றொரு கணக்கு. இரண்டையும் எழுதினால்தான் யார் சொல்வது மெய் என்று தெரியும்.

மூன்றாவது, எல்லையைக் கடந்து போகின்றவர்களைக் கணக்கு கைவிடக் கூடாது. நம்முடைய திருத்தணி வட்டாரமே 1960 ஏப்ரல் 1 வரையில் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதான். இங்குள்ளவர் நகரிக்கும் புத்தூருக்கும், அங்குள்ளவர் இங்கும் வேலைக்கும் சம்பந்தத்துக்கும் போய்வருகின்றார்கள். மனிதர் போட்ட கோடு கிருமிக்குத் தெரியாது. போன இடத்திலேயே மருந்து கிடைக்க வேண்டும். அவர் எங்கே போனாலும் "காணாமற் போனவர்" என்று எழுதி நோட்டை மூடிவிடக் கூடாது.

நான்காவது, பெண்களின் கணக்கைத் தனியே பார்க்கவேண்டும். புருஷன் பதிவில் இருந்து மனைவி பதிவில் இல்லையானால், அவள் ஏன் வரவில்லை என்று கண்ணியமாய் விசாரிக்க வேண்டும். வீட்டில் பணம் ஒருவர் மருந்துக்குப் போகத்தான் போதுமென்றால், போகின்றவன் யார் என்பது நமக்குத் தெரியாததா?

தோழர்களே! இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சந்தேகமுள்ளவர்கள் நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தம் சோதித்துக் கொள்ளுங்கள், அது இலவசம். கிருமி தொற்றியவரோடு ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கைதொடுவதிலும் அது ஒட்டாது. மருந்து வாங்கப் போகின்ற நாளில் அவருக்குக் கூலி பிடிக்காதேயுங்கள். எவராவது "அவனுக்கு அந்த வியாதியாமே" என்று காதைக் கடிக்க வந்தால், "உனக்கு எப்படித் தெரிந்தது? சொன்னது யார்?" என்று திருப்பிக் கேளுங்கள். நமது சங்கங்கள் மாதமொரு முறை மருந்து மையத்துக்குப் போய், நோயாளி எவரையும் பாராமல், அதிகாரியைப் பார்த்து, "இம்மாதம் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தேடி யார் போனார்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு வரட்டும். கேட்பாரில்லாத இடத்தில் எந்தக் கணக்கும் நேராக இருக்காது என்று தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.